லிஸ்ட் போயிருக்காம்

உயர் நீதிமன்ற நீதிபதி ஆவதற்கு விண்ணப்பப் படிவம் கிடையாது. திண்டிவனத்தில் உரிமையியல் நீதிபதியாக உட்கார வேண்டுமென்றால் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் தேர்வை எழுத வேண்டும். முதல்நிலை, முதன்மை, வாய்மொழி என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். வக்கீலாக இருந்து நேரடியாக மாவட்ட நீதிபதி ஆவதற்கும் எழுத்துத் தேர்வு உண்டு. இவர்கள் எல்லோரும் எழுதிய தீர்ப்பை ஒரே வரியில் ரத்து செய்யும் அதிகாரம் உள்ளவருக்கு மட்டும் தேர்வு எதுவும் இல்லை. ஒரு நாள் தலைமை நீதிபதியின் அறையிலிருந்து, வந்து பார்க்கச் சொல்லித் தகவல் வரும். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கும்.

எண்பதுகளின் நடுவில் தம்புசெட்டித் தெருவில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தவன் நான். என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து கட்டு பிரித்தவர்களில் சிலர் நீதிபதிகளானார்கள். நேற்றுவரை "டேய்" என்று கூப்பிட்டவரை இன்று காலை "மை லார்ட்" என்று அழைக்கும் சங்கடத்தை நானும் பட்டிருக்கிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

அரசமைப்புச் சட்டத்தின் 217ஆவது பிரிவு கேட்கும் தகுதி மிகக் குறைவு. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். பத்து ஆண்டு நீதித்துறைப் பதவியில் இருந்திருக்க வேண்டும், அல்லது பத்து ஆண்டு உயர் நீதிமன்ற வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். 62 வயதில் ஓய்வு. இந்தத் தகுதியை மட்டும் பார்த்தால் எங்கள் கேன்டீன் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் நாளைக்கே பதவியேற்கலாம். இந்தியத் தலைமை நீதிபதி, மாநில ஆளுநர், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி ஆகியோரைக் கலந்துகொண்டு குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இத்தனை பேரில் யார் சொல் நிற்கும் என்பதில்தான் நாற்பது ஆண்டுச் சண்டை. 1981இல் எஸ்.பி. குப்தா வழக்கில் அரசின் சொல்லே இறுதி என்று வந்தது. 1993 அக்டோபரில் ஒன்பது நீதிபதிகள் அதைப் புரட்டி, நீதிபதிகளின் சொல்லே இறுதி என்றார்கள். 1998இல் அதற்கு வடிவம் கொடுத்தார்கள். உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியும் அடுத்த இரு மூத்த நீதிபதிகளும் பெயர்களை எடுத்துத் தருவார்கள். டெல்லியில் இந்தியத் தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த இருவரும் அதைச் சலித்தெடுப்பார்கள். இந்த மூவர் குழுக்களுக்குத்தான் கொலீஜியம் என்று பெயர். நாடாளுமன்றம் 99ஆவது திருத்தத்தின் மூலம் நியமன ஆணையம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2015 அக்டோபர் 16 அன்று நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. தனித்து நின்றவர் நீதிபதி செலமேஸ்வர்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில், நீதிபதியாக ஆசைப்பட்டவரின் கார் அமைச்சர்கள் வீட்டுப் பக்கம் போகும் என்று சீனியர்கள் கேலி பேசுவார்கள். 1993க்குப் பிறகு அந்தக் கார்கள் நீதிபதிகள் வீட்டுப் பக்கம் திரும்பின. இரண்டு தரப்பும் குடியிருப்பது கிரீன்வேஸ் சாலைதான் என்பதால் டிரைவருக்குப் பெரிய சிரமமில்லை.

"லிஸ்ட் போயிருக்காம்" என்ற பேச்சு எங்கள் வளாகத்தில் ஆண்டுக்கு ஒரு முறையாவது கிளம்பும். எத்தனை பேர் என்பது முதலில் வரும். எந்தெந்தப் பெயர் என்பது மாலைக்குள் வரும். எந்தச் சாதிக்கு எத்தனை, எந்த மாவட்டத்துக்கு எத்தனை, யாருடைய ஜூனியர், யாருக்கு மருமகன் என்ற கணக்கு மறுநாள் காலைக்குள் முழுதாக வந்துவிடும். ரகசியம் என்று பெயர். ஆனால் குமாஸ்தாக்கள் சங்கத்துக்குத் தெரியாத பட்டியலை நான் பார்த்ததில்லை. பட்டியலில் இருப்பவர் மட்டும் எதுவும் தெரியாதவர் போல நடந்துகொள்வார். அப்படி நடந்துகொள்வதே அவர் பட்டியலில் இருக்கிறார் என்பதற்கு உறுதியான சாட்சி.

கூப்பிட்டு அனுப்பும்போது தலைமை நீதிபதி கேட்பது ஒன்றைத்தான்: சம்மதமா? சம்மதம் என்றால் ஒரு கடிதம் எழுதித் தர வேண்டும். கூடவே, பிறந்த தேதி, வழக்கறிஞராகப் பதிவு செய்த ஆண்டு, சில ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கு, தான் வாதாடிச் சட்ட இதழ்களில் வெளியான தீர்ப்புகளின் பட்டியல், நீதித்துறையில் உறவினர் உண்டா என்ற விவரம். வயது 45ஐத் தாண்டியிருக்க வேண்டும், 55க்குள் இருக்க வேண்டும் என்பது எழுதப்படாத வழக்கம்.

எல்லோரும் சம்மதம் சொல்வதில்லை. எங்கள் சீனியரைக் கூப்பிட்டபோது அவர் போய்க் கால் மணி நேரத்தில் திரும்பிவந்து, அலமாரியைத் திறந்து மறுநாள் மேல்முறையீட்டுக் கட்டை எடுத்தார். என்ன சார் ஆயிற்று என்று நாங்கள் கேட்டோம். "ரெண்டு பொண்ணைக் கட்டிக் கொடுக்கணும்ப்பா. கிருஷ்ணர் கோயில் பக்கத்துல வீட்டுக் கடன் பாக்கி இருக்கு. மை லார்டுன்னு நீங்க கூப்பிட்டா பேங்க்காரன் வட்டியைத் தள்ளுபடி பண்ணுவானா?" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது. இன்றைக்கு உயர் நீதிமன்ற நீதிபதியின் மாதச் சம்பளம் 2,25,000 ரூபாய். பெரிய சீனியர்கள் சிலர் ஒரே வாய்தாவுக்கு வாங்குவது அதைவிட அதிகம். நிரந்தர நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர் தான் உட்கார்ந்த நீதிமன்றத்தில் மறுபடி வக்கீலாக நிற்க முடியாது. உச்ச நீதிமன்றத்துக்கோ வேறு மாநில உயர் நீதிமன்றத்துக்கோதான் போக வேண்டும். நன்றாகத் தொழில் நடக்கும் ஐம்பது வயதுக்காரர் இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்ப்பார். அவர் வேண்டாம் என்று சொன்னால் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சம்மதக் கடிதம் கொடுத்த பிறகு கோப்பு முதலமைச்சருக்கும் ஆளுநருக்கும் மத்திய சட்ட அமைச்சருக்கும் போகும். மாநிலம் ஆறு வாரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். இதற்கிடையில் உளவுத் துறை விசாரிக்கும். ஒரு முறை எங்கள் பக்கத்து ஆபீஸ் வக்கீலைப் பற்றி விசாரிக்க ஒருவர் என்னிடம் வந்தார். சாதாரணச் சட்டை, கையில் சின்ன நோட்டு. குடிப்பாரா? எந்தக் கட்சியோடு தொடர்பு? சொத்துத் தகராறு உண்டா? வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா? பொறுமையாகக் கேட்டார், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அவர் எழுந்திருக்கும்போது நானே கேட்டேன், "கோர்ட்ல எப்படி நடந்துக்குவார்னு கேக்கலையே சார்?" அவர் சிரித்தபடி, "அது எங்க டிபார்ட்மென்ட் இல்லீங்களே" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் அது யாருடைய டிபார்ட்மென்ட் என்று பிறகு நான் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு இயல்பாகப் பதில் தெரிந்திருக்க வேண்டியவர் தலைமை நீதிபதி. ஆனால் தலைமை நீதிபதி வெளி மாநிலத்தவராக இருக்க வேண்டும் என்பது பல பத்தாண்டுகளாக நாடு முழுதும் உள்ள கொள்கை. உள்ளூர்ச் சார்பு கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வந்தது. நானும் அதை ஆதரிப்பவன். ஆனால் அதன் விலை என்ன என்று பாருங்கள். 2017 ஏப்ரலிலிருந்து 2025 ஜூலைக்குள் சென்னைக்கு எட்டுத் தலைமை நீதிபதிகள் வந்துவிட்டார்கள். இடையிடையே பொறுப்புத் தலைமை நீதிபதிகள் தனி. சஞ்சீப் பானர்ஜி 2021 ஜனவரியில் வந்தார், நவம்பரில் மேகாலயாவுக்கு மாற்றப்பட்டார். வருகிறவருக்கு வக்கீல்களின் முகம் பழகவே ஆறு மாதம் ஆகும். தமிழ் தெரியாது, சாட்சி வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பில்தான் படிப்பார். ஆக, கூட இருக்கும் இரு மூத்த நீதிபதிகளை நம்ப வேண்டும். அவர்களில் ஒருவர் சில சமயம் வேறு மாநிலத்திலிருந்து மாற்றலாகி வந்தவராக இருப்பார். அப்போது இந்த நீதிமன்றத்து வக்கீல்களை இளம் வயதிலிருந்து பார்த்தவர் என்று மூவரில் ஒருவர்தான் மிஞ்சுவார். உச்ச நீதிமன்றக் கொலீஜியமும் தன் பங்குக்கு, நம் மாநில நிலவரம் தெரிந்த உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் கலந்துகொள்ளும். அவர்கள் டெல்லிக்குப் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும்.

பரிந்துரையை அரசு திருப்பி அனுப்பலாம். கொலீஜியம் அதே பெயரை மறுபடி அனுப்பினால் நியமித்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அப்படி மறுபடி அனுப்பினால் மூன்று நான்கு வாரத்தில் நியமனம் நடக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கெடுவும் வைத்தது. எங்கள் நீதிமன்ற வழக்கறிஞர் ஒருவரின் பெயரை, பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்தார் என்ற ஆட்சேபத்தையும் தாண்டி, 2023 ஜனவரியில் கொலீஜியம் மறுபடி அனுப்பியது. ஆட்சேபம் பொருட்படுத்தத் தக்கதல்ல என்று காரணமும் எழுதியது. அவருக்குப் பின்னால் பரிந்துரைக்கப்பட்டவர்கள் பதவியேற்றார்கள். அவருடைய அறிவிக்கை மட்டும் வரவில்லை.

வெளியே இருப்பவர்களுக்கு இந்தக் காத்திருப்பின் கஷ்டம் தெரியாது. பட்டியலில் பெயர் வந்துவிட்டது என்று ஊருக்குத் தெரிந்த மறுவாரமே புதுக் கட்டு வருவது நின்றுவிடும். "ஐயா நீதிபதி ஆயிடுவாங்க, பாதியில விட்டுட்டுப் போயிடுவாங்க" என்று கட்சிக்காரர் வேறு வக்கீலைத் தேடுவார். கொடுத்த கட்டையும் சிலர் மாற்றிக் கேட்பார்கள். அரசை எதிர்க்கும் வழக்கை எடுக்கலாமா, பேட்டி கொடுக்கலாமா என்று அவருக்கும் தயக்கம். ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு அப்படியே ஓடும். கடைசியில் பெயர் விழுந்துவிட்டால் மறுபடி தொழிலைக் கட்டியெழுப்ப வேண்டும். ஏன் விழுந்தது என்று எல்லோரும் ஒரு காரணம் சொல்வார்கள். ஆபீஸையே காலி செய்துவிட்டு, பிறகு அதே தெருவில் வேறு மாடியில் புதிதாக வாடகைக்குப் பிடித்தவரை நான் அறிவேன்.

தேர்வு தவறு என்றால் வழக்குப் போடலாமா? எங்கள் நீதிமன்றத்திலேயே போட்டார்கள். 12 பெயர் கொண்ட ஒரு பட்டியலை எதிர்த்து 2014 ஜனவரியில் ரிட் மனு விசாரணையில் இருந்தபோது, பணியில் இருந்த ஒரு நீதிபதியே அந்தக் கோர்ட் அறைக்குள் நுழைந்து, பட்டியல் நியாயமில்லை, தானும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்வேன் என்றார். அன்று வராந்தாவில் நின்ற யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் போய் மார்ச் மாதத்தில் முடிவானது: ஒருவருக்குச் சட்டப்படி தகுதி உண்டா என்று நீதிமன்றம் பார்க்கலாம், அவர் பொருத்தமானவரா என்று பார்க்க முடியாது. 2023 பிப்ரவரி 7 அன்று இதே கதை. சென்னையில் கூடுதல் நீதிபதி ஒருவர் பதவியேற்றுக்கொண்டிருந்த அதே காலையில், அந்த நியமனத்தை எதிர்த்த மனு டெல்லியில் விசாரணைக்கு வந்து தள்ளுபடியானது. காரணமும் அதேதான்.

ஆக, பொருத்தம் பார்ப்பது அந்த மூவரின் வேலை மட்டுமே. எதற்குப் பொருத்தம் என்று தெரிய, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ஒரு நாள் எப்படிப் போகிறது என்று சொல்ல வேண்டும்.

காலை 10.30. தபேதார் கதவைத் திறக்க, வெள்ளிக் கோலோடு சோப்தார் முன்னே வர, நீதிபதி உள்ளே வந்து கும்பிட்டு உட்காருவார். உட்கார்ந்த உடனே மென்ஷனிங். நாளை வீட்டை இடிக்கப் போகிறார்கள், இன்று மாலை பரீட்சை ஹால் டிக்கெட் தர மறுக்கிறார்கள் என்று பத்துப் பதினைந்து வக்கீல்கள் நிற்பார்கள். இவற்றில் எது உண்மையான அவசரம், எது வக்கீலின் அவசரம் என்று அரை நிமிடத்தில் பிரிக்க வேண்டும். உண்மையென்று பட்டால் 'லஞ்ச் மோஷன்' அனுமதி கிடைக்கும், மதியம் 2.15க்கு எடுப்பார்கள். அந்த இடைவேளைக்குள் மனுவைத் தட்டச்சு செய்து, நம்பர் வாங்கி, அரசு வக்கீலுக்குப் பிரதி கொடுத்து ஓடும் ஓட்டத்தில்தான் எங்கள் ஜூனியர்கள் பாதி மெலிகிறார்கள்.

பிறகு காஸ் லிஸ்ட். அட்மிஷன் நாளென்றால் நூறைத் தாண்டும். ஒவ்வொரு கட்டும் நீதிபதியின் மேசைக்கு வருவதற்கு முன்பே ஒரு பெரிய பயணம் போயிருக்கும்: ஃபைலிங் கவுன்டர், எஸ்.ஆர். நம்பர், பரிசீலனை, "பக்கம் 14 தெளிவில்லை" என்று ஒரு ரிட்டர்ன், திருத்தி மறுபடி தாக்கல், அதன் பிறகுதான் வழக்கு எண். இத்தனையும் தாண்டி வந்த வழக்குக்கு நீதிபதி தரக்கூடியது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் படிக்க வேண்டும், கேட்க வேண்டும், வாய்மொழியாக ஸ்டெனோவுக்கு உத்தரவு சொல்ல வேண்டும். வக்கீல், கட்சிக்காரர் எல்லோர் காதிலும் விழும்படி, ஒரு முறையிலேயே, ஆங்கிலத்தில். தயங்கினால் லிஸ்ட் நகராது. அவசரப்பட்டால் யாருடைய வயலோ போய்விடும்.

எந்த நீதிபதி எந்த வகை வழக்கைப் பார்ப்பார் என்று ரோஸ்டர் போடுவது தலைமை நீதிபதி மட்டுமே. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அது மாறும். சிலருக்கு மதுரைக் கிளை விழும். வாழ்நாள் முழுதும் வரி வழக்கு மட்டும் நடத்தி வந்தவர், போன மாதம் பதவியேற்றவர், குண்டர் சட்ட ஆள்கொணர்வு மனுக்களைக் கேட்கும் இருவர் அமர்வில் உட்கார வேண்டி வரும். தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆவது சட்டத்தின் கீழ் விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கப்பட்ட ஒருவரின் தாய் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பார். மனுவைப் பரிசீலிப்பதில் எத்தனை நாள் தாமதம், கொடுத்த ஆவணத்தின் தமிழ் நகல் படிக்க முடிகிறதா என்பதில் அவருடைய மகனின் விடுதலை நிற்கும். அடுத்த மூன்று மாதம் அதே நீதிபதிக்கு இரண்டாம் மேல்முறையீடுகள். வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும். அதற்கடுத்து ஒரிஜினல் சைடு. 1862 ஆகஸ்ட் 15இல் அரச பட்டயத்தால் தொடங்கிய நீதிமன்றம் என்பதால், சென்னை நகருக்குள் ஒரு கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சிவில் வழக்குகளும் உயில் வழக்குகளும் நேராக இங்கேயே வரும். திருச்சி வக்கீலுக்கு இது புதிராக இருக்கும்; மதுரைக் கிளைக்கு அந்த அதிகாரம் கிடையாது.

மதுரைக் கிளை 2004 ஜூலை 24 அன்று தொடங்கியது. அதற்கு முன் கன்னியாகுமரிக்காரர் ஒரு வாய்தாவுக்காக இரவு ரயிலேறி எழும்பூரில் இறங்கி, பாரிமுனை லாட்ஜில் குளித்துவிட்டு, வந்து பார்த்தால் கேஸ் அன்று வராது. எங்கள் ஆபீஸுக்கு அப்படி வந்தவர்கள் கையில் பனங்கற்கண்டும் கருப்பட்டியும் இருக்கும். முகத்தில் களைப்பு இருக்கும். தென் மாவட்ட வழக்குகள் போய்விட்டால் வருமானம் போய்விடுமே என்று சென்னையில் எதிர்த்தவர்கள் உண்டு. கிளை வந்தது மிகச் சரியான காரியம் என்பது என் கருத்து.

மொழி விஷயம் அப்படிச் சரியாகவில்லை. தமிழை உயர் நீதிமன்ற மொழியாக்க வேண்டும் என்று 2006 டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய மாநில உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு இடமுண்டு; இங்கே தமிழுக்கு உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. திருக்கோவிலூர்க்காரர் ஒருவர் தன் நிலத்துக்கான தீர்ப்பை நேருக்கு நேர் நின்று கேட்டுவிட்டு, வெளியே வந்து என் குமாஸ்தாவிடம், "ஜெயிச்சமா தோத்தமாண்ணே?" என்று கேட்டார். நல்ல நீதிபதி என்றால் உத்தரவு சொல்லி முடித்ததும் கட்சிக்காரரைப் பார்த்துத் தமிழில் இரண்டு வார்த்தை சொல்லிவிடுவார். எந்தச் சட்டமும் அதைக் கட்டாயமாக்கவில்லை.

இந்த வேலைக்கு வேண்டிய குணங்களை எங்கள் குமாஸ்தாக்கள் ஒரு மூச்சில் சொல்லிவிடுவார்கள். கட்டைப் படித்துவிட்டு வருபவர். ஜூனியர் நின்றாலும் சீனியர் நின்றாலும் ஒரே காதால் கேட்பவர். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டுக்கொள்பவர். தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு ஆறு மாதம் எழுதாமல் இருக்காதவர். வக்கீலாக இருந்தபோதே இவை தெரிந்துவிடும். எதிர்த்தரப்புக்குச் சாதகமான தீர்ப்பை மறைக்காமல் நீதிபதியிடம் எடுத்துக் கொடுப்பவர் யார், ஜூனியருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார், கட்சிக்காரர் பணத்தைத் தனிக் கணக்கில் வைப்பவர் யார் என்பது ஒவ்வொரு கோர்ட் ஆபீசருக்கும் ஸ்டெனோவுக்கும் தெரியும். இவர்களிடம் யாரும் கேட்பதில்லை. கோப்பில் இருப்பது வருமான வரிக் கணக்கும் இதழில் வந்த தீர்ப்புகளின் எண்ணிக்கையும். தொழிலாளர் கோர்ட்டிலும் மோட்டார் விபத்து வழக்கிலும் ஏழைகளுக்காக நின்றவருக்கு இரண்டுமே சுருங்கியிருக்கும்.

நீதிபதி கே. சந்துரு இன்றைய சல்லடையில் தேறியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இடதுசாரி அரசியலில் வெளிப்படையாக இருந்தவர், தொழிலாளர் வழக்குகளில் வாதாடியவர். 2006இல் நியமிக்கப்பட்டு 2013 மார்ச்சில் ஓய்வு பெறுவதற்குள் 96,000 வழக்குகளை முடித்தார். சோப்தாரை முன்னே நடக்க வேண்டாமென்றார், மை லார்ட் வேண்டாமென்றார், பிரிவு உபசாரமும் வேண்டாமென்று மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார். அவருடைய தீர்ப்புகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை. அவர் முன்னால் தோற்றும் இருக்கிறேன். ஆனால் கட்டு படிக்காமல் அவர் வந்து நான் பார்த்ததில்லை.

வக்கீல்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீதிபதிகள் மாவட்ட நீதிமன்றங்களிலிருந்து வருகிறார்கள். வளாகத்தில் சிலையாக உட்கார்ந்திருக்கும் தி. முத்துசாமி ஐயர், இந்த நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி, கீழ் நீதிமன்றங்களில் வேலை பார்த்து வந்தவர்தான். உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியான ஏ. வரதராஜன் மாவட்ட முன்சீபாகத் தொடங்கி, 1973இல் இங்கே நீதிபதியாகி, 1980இல் டெல்லி போனார். ஆர். பானுமதியும் அந்த வழியில் வந்தவரே. சாட்சியை நேரில் பார்த்துத் தீர்ப்பு எழுதிப் பழகியவர்கள் என்பதால் முதல் நாளே வேலை தெரியும். எழுதிய தீர்ப்புகளைப் படித்தே அவர்களை எடைபோட முடியும். ஆனால் ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயதில்தான் அவர்களை மேலே கொண்டுவருகிறார்கள். நாலைந்து ஆண்டில் ஓய்வு. மூத்த நீதிபதி என்ற இடத்தைத் தொடுவதற்குள் வயது முடிந்துவிடும். அதனால் அந்த மூவர் அறைக்குள் அவர்கள் குரல் அபூர்வமாகத்தான் கேட்கும். இந்த அநியாயத்தைப் பற்றி எங்கள் வக்கீல் சங்கங்கள் பேசி நான் கேட்டதில்லை, ஏனென்றால் அது எங்கள் பங்கைக் குறைக்கும்.

சென்னைக்கு அனுமதிக்கப்பட்ட இடங்கள் 75. அத்தனையும் நிரம்பி நான் பார்த்ததில்லை. காலியிடம் வருவதற்கு ஆறு மாதம் முன்பே பெயர் அனுப்ப வேண்டும் என்று, நியமன முறையை வகுக்கும் நடைமுறைக் குறிப்பாணை சொல்கிறது. ஓய்வுத் தேதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் நாற்காலி காலியான பிறகுதான் பேச்சே தொடங்குகிறது.

நியமன ஆணையத்தை ரத்து செய்த கையோடு, 2015 டிசம்பரில், அந்தக் குறிப்பாணையைத் திருத்தி எழுதுங்கள் என்று உச்ச நீதிமன்றம் அரசிடம் சொன்னது. 2017 அக்டோபரில் கொலீஜியம் தன் முடிவுகளைக் காரணத்தோடு இணையத்தில் வெளியிடத் தொடங்கியது. அண்மைக் காலமாக, பெயர் வந்தவர்களை டெல்லிக்கு அழைத்து நேரிலும் பேசுகிறார்கள். இரண்டும் நல்லவை. ஆனால் குறிப்பாணை 1998இல் எழுதியபடியே இருக்கிறது.

திருத்தும் நாள் வந்தால் நான் கேட்பது பெரிய புரட்சி எதுவுமில்லை. சென்னையில் மூவரும் முடிவு செய்த பெயர்களை, டெல்லிக்கு அனுப்பும் முன் ஒரு மாதம் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். பெயர் போட்டுக் கையெழுத்திட்டு வரும் ஆட்சேபங்களை மட்டும் படியுங்கள்; மொட்டைக் கடிதங்களைக் கிழித்துப் போடுங்கள். அந்த வக்கீல் நின்ற கோர்ட்டுகளில் உட்கார்ந்திருந்த ஐந்து நீதிபதிகளிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். பெயர் வெளியே தெரிந்தால் கௌரவம் போய்விடும் என்கிறார்கள். லிஸ்ட் போன அன்று மாலையே தம்புசெட்டித் தெருவில் எல்லாப் பெயரும் தெரிந்துவிடுகிறது. தெரியாதது நியாயமான ஆட்சேபத்தை எங்கே கொடுப்பது என்பது மட்டும்தான். சீனியர் வழக்கறிஞர் பட்டம் கேட்டவர்களின் பெயரை, 2017ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பிறகு, இணையத்தில் போட்டு எல்லோரிடமும் கருத்துக் கேட்டார்கள். வேறு மாதிரி கவுன் போட்டுக்கொள்வதற்கே அத்தனை விசாரணை நடந்தது; நீதிபதி நாற்காலிக்கு அதில் பாதியாவது நடத்துங்கள்.